நம் பிரீஸ்ட்டைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கில்ட் மாஸ்டருக்கும் ஆபீசர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அண்ணா, வணக்கம். ஆபீசர்கள் மூவருக்கும் வணக்கம்.

போன வியாழக்கிழமை, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் கேமில் நம் கில்ட், அதாவது நம் ஆட்டக் குழு, நாற்பது பேராகச் சேர்ந்து போன ரெய்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும், அதனால் முழுக்கதையையும் எழுதப்போவதில்லை. மேஜர்டோமோ என்ற பாஸை, அந்தப் பெரிய எதிரியை, வென்று பெட்டியைத் திறந்தோம். பிரீஸ்ட்டுக்கான ஐ ஆஃப் டிவினிட்டி என்ற அரிய பொருள் வந்தது. அது சேர்ந்து இரண்டே வாரமான உங்கள் நண்பருக்குப் போனது. நம் பிரீஸ்ட், அதாவது ரெய்டில் நம்மைக் குணப்படுத்துகிற ஹீலர், "அண்ணா, அடுத்தது எனக்குன்னு சொல்லியிருந்தீங்களே" என்று கில்ட் சாட்டில் ஒரே ஒரு வரி எழுதினார். நீங்கள் பதில் சொல்லவில்லை. அவர் தூங்கப் போன பிறகு அவரைக் கில்டிலிருந்து கிக் செய்துவிட்டீர்கள்.

நான் அப்போது ஆன்லைனில்தான் இருந்தேன். சாட்டில் மஞ்சள் எழுத்தில் ஒரு வரி, அவர் பெயரும் உங்கள் பெயரும். அதற்குக் கீழே யாரோ தோல் விற்கிற விளம்பரம். அவ்வளவுதான்.

ஆஃப்லைனில் இருந்தவருக்கு அந்த மஞ்சள் வரிகூட வந்து சேரவில்லை. காலையில் வந்து பார்த்திருக்கிறார், பெயருக்குக் கீழே கில்ட் பெயரைக் காணோம், கில்ட் சாட்டின் பச்சை எழுத்து ஒன்றுகூட இல்லை. "சர்வர்ல ஏதாச்சும் பிரச்சினையா அக்கா?" என்று எனக்கு மெசேஜ் அனுப்பினார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியது நீங்கள், நானில்லை.

அவர் எப்படி விளையாடுகிறார் என்று உங்களுக்கு நினைவூட்டுகிறேன். நமக்கு ரெய்டு ராத்திரி 8 மணி. ஐரோப்பிய சர்வரில் 8 மணி என்றால் திருநெல்வேலியில் இந்தக் குளிர்காலத்தில் நள்ளிரவு 12.30. முடியும்போது அங்கே மூன்று மணி. அம்மா அதே அறையில் தூங்குகிறார் என்பதால் மைக்கில் அவர் எப்போதும் கிசுகிசுத்துத்தான் பேசுவார், பின்னால் மின்விசிறி ஓடுகிற சத்தம் அவர் குரலைவிடப் பெரிதாகக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டாலே 'ஆ, ஹீலர் வந்தாச்சு' என்று எல்லோருக்கும் தெரியும். நாம் ரெய்டு போகிற மோல்ட்டன் கோர் குகையில் எரிகிற ஏழு ரூன்களையும், அந்த மந்திரக் குறிகளையும், அணைக்க வேண்டுமே, அதற்காக வாராவாரம் அஸ்ஷாரா என்ற பகுதியின் கோடிக்குப் போய்த் தண்ணீர் வாங்கி வருகிற சிலரில் அவரும் ஒருவர்.

அப்புறம் பிளாக் லோட்டஸ் என்ற அரிய மூலிகை. ரெய்டு இல்லாத நாட்களில் காலை ஆறு மணிக்கு எழுந்து, ஐரோப்பா தூங்குகிற நேரம் பார்த்து, விண்டர்ஸ்பிரிங் என்ற பனிப் பகுதியைச் சுற்றிச் சுற்றி வந்து பறிப்பார். ரெய்டில் குடிக்கிற ஒரு ஃபிளாஸ்க் மருந்து காய்ச்ச ஒரு லோட்டஸ் வேண்டும், அது தாங்குவது இரண்டே மணி நேரம். அப்படிப் பறித்த பதினொன்றையும் உங்கள் பேங்க் ஆல்ட்டுக்கு, கில்ட் பொருட்களைச் சேர்த்துவைக்க நீங்கள் வைத்திருக்கும் இரண்டாவது கேரக்டருக்கு, அனுப்பியிருக்கிறார். ஏலத்தில் போட்டிருந்தால் அவரும் வேகமான எபிக் குதிரை வாங்கியிருப்பார். இன்னும் பழைய குதிரையில்தான் போகிறார். ஐ ஆஃப் டிவினிட்டிக்கு ஜோடியான ஐ ஆஃப் ஷேடோ ஏற்கெனவே அவர் பையில் இருக்கிறது, அன்று அதுவும் கிடைத்திருந்தால் பெனடிக்ஷன் என்ற கோலைத் தருகிற குவெஸ்ட்டுக்குப் போயிருப்பார். ஐம்பது குடியானவர்களைக் காப்பாற்றுகிற அந்தக் கட்டத்தை எப்படி முடிப்பது என்று என்னிடம் இரண்டு மாதமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பொருளுக்காக நான் சண்டை போட வரவில்லை, அண்ணா. பெட்டியில் ஒரு வாரம் ஹன்டருக்கான இலை வரும், ஒரு வாரம் பிரீஸ்ட்டுக்கான கண் வரும், பொறுத்திருக்கலாம். நான் கேட்பது இதுதான்: அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி யாரை நீக்குவதாக இருந்தாலும் காரணத்தை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

இந்தக் கில்ட் எப்படித் தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் கேமின் பழைய வடிவமான கிளாசிக் திறந்தது. தமிழில் பேசிக்கொண்டே ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஸ்டார்ம்விண்ட் நகரில் பத்து வெள்ளிக்குக் கில்ட் சாசனம் வாங்கினீர்கள். ஒன்பது பேர் கையெழுத்து இல்லாமல் அந்தக் கில்டே பிறந்திருக்காது. நான் போட்டது மூன்றாவது, அவர் போட்டது ஏழாவது. மற்ற மொழிக்காரர்களெல்லாம் அப்புறம் வந்தவர்கள்தான். கையெழுத்து போட்டவரை நீக்க ஒரு கிளிக் போதும் என்றால் மீதி எட்டுப் பேரும் என்ன நினைப்போம்?

ஆபீசர்களே, நீங்கள் மூவரும் அன்று ராத்திரி வாய்ஸ் சேனலில் இருந்தீர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கிடைத்த பொருள் யாருக்கு என்று முடிவு செய்ய லூட் கவுன்சில் என்று பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் முடிவு கவுன்சிலுக்கு வரும் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. எவர்க்வெஸ்ட் என்ற பழைய கேமின் காலத்திலேயே டிகேபி என்று புள்ளிக் கணக்கு எழுதி வைத்தார்கள், உழைத்தவருக்குக் கணக்கு காட்ட வேண்டும் என்பதற்காகத்தான். நம்மிடம் ஒரு தாள்கூடக் கிடையாது. 2007-ல் இந்த கேமில் கில்ட் வங்கி வந்தபோது யார் வைத்தார், யார் எடுத்தார் என்ற பதிவும் சேர்ந்தே வந்தது. கிளாசிக்கில் அந்த வசதி இல்லை, எல்லாம் உங்கள் ஒரு ஆல்ட்டின் பையில் இருக்கிறது, நாங்கள் நம்பித்தான் அனுப்புகிறோம். பதினொரு லோட்டஸ் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. ஆனால் கொடுத்தவர் வெளியே நிற்கிறார், கொடுத்தது உள்ளே இருக்கிறது. இது எப்படிச் சரியாகும்?

"கேம்தானே, விடுங்க" என்று ஒருவர் சொன்னார். கேம்தான். நாற்பது பேர் தூக்கத்தையும் வார நாளையும் கொடுத்து ஆடுகிற கேம். வரும் 2020 பிப்ரவரியில் பிளாக்விங் லேர் என்ற அடுத்த ரெய்டு திறக்கப்போகிறது, அப்போது புதிதாக ஹீலர் தேடி நகரத்தில் நின்று கூவப்போகிறோம். எத்தனையோ கில்டுகள் இப்படித்தான் உடைகின்றன, பாஸை அடிக்க முடியாமல் இல்லை, பேச வேண்டிய இடத்தில் பேசாமல்.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் எழுதிவிட்டேனோ என்னவோ, மன்னியுங்கள். நீங்கள் இந்தக் கில்டுக்காக எவ்வளவு அலைந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும், நாற்பது பேரை ஒரே நேரத்தில் ஓரிடத்தில் கூட்டுவது சின்ன வேலை இல்லை. அதனால்தான் கில்டை விட்டு ஓடாமல் உங்களுக்கே எழுதுகிறேன். தயவுசெய்து அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிக் செய்ய உங்களோடு இரண்டு ஆபீசர்களாவது ஒப்ப வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். வரும் வியாழன் ரெய்டுக்கு முன்னால் ஒரு பதில் போதும்.

அவர் இன்னும் வேறு எந்தக் கில்டிலும் சேரவில்லை. இன்று காலையும் விண்டர்ஸ்பிரிங்கில் ஒரு லோட்டஸ் பறித்திருக்கிறார். "இதை யாருக்கு அனுப்பட்டும் அக்கா?" என்று கேட்டிருக்கிறார். உங்கள் பதில் வந்த பிறகு சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சாசனத்தில் மூன்றாவது கையெழுத்து போட்ட உங்கள் பாலடின்