சைலன்ஸரை அறுப்பதால் குதிரைத்திறன் வராது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் சைலன்ஸரை மாற்றினால் இன்ஜின் சக்தி கணிசமாக உயரும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எந்தக் கார், எந்தப் பகுதியை மாற்ற வேண்டும், எத்தனை ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) எவ்வளவு கூடும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நான் கோவை கணபதியில் முப்பது வருடத்துக்கும் மேலாக லேத் பட்டறை வைத்திருப்பவன். பந்தயக் கார்களுக்கு ஹெடர், அதாவது இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் குழாய்த் தொகுதி, வளைத்து வெல்டிங் செய்து கொடுப்பது என் பிழைப்பில் பாதி. இதைப் படித்துவிட்டு எத்தனை பையன்கள் காசைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவார்களோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

அப்படி ஓடியவர்களில் என் அக்கா மகனும் ஒருவன். பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் ஒன்று வாங்கினான். 1.2 லிட்டர் டர்போ இன்ஜின் (புகையின் விசையால் சுழன்று காற்றை இன்ஜினுக்குள் அழுத்தும் கருவிதான் டர்போ), கம்பெனிக் கணக்குப்படி 105 பிஎஸ் (குதிரைத்திறன்) சக்தி, 175 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்று விசை. அந்த அளவு வண்டிக்கு அருமையான இன்ஜின். என்னிடம் சொல்லாமல் ஒரு கடையில் விட்டான். அவர்கள் புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரை அறுத்து எடுத்துவிட்டு, 3 இன்ச் குழாயை நேராகப் பின்பக்கம் வரை இழுத்துவிட்டார்கள். 65,000 ரூபாய். "30 குதிரை கூடும் தம்பி" என்று சொன்னார்களாம். இன்ஜின் விளக்கு எரிந்தபோது, கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கும் பின்பக்க ஆக்ஸிஜன் சென்சாருக்கு அடியில் ஒரு இடைத்துண்டு போட்டு அதை ஏமாற்றியும் கொடுத்தார்கள்.

"மாமா, வண்டி பறக்குதுங்க" என்று வந்து நின்றான். தெருவே அதிர்ந்தது. சரி, டைனோவில் (சக்கரத்தில் வரும் சக்தியை அளக்கும் இயந்திரம்) ஏற்றிப் பார்த்துவிடலாம் வா என்றேன்.

அதே மாடல் வண்டி, எதுவும் மாற்றாதது, அவனுடைய நண்பனிடம் இருந்தது. இரண்டையும் ஒரே நாள் காலையில், ஒரே பங்கில் பெட்ரோல் போட்டு, ஒரே டைனோவில் மூன்று மூன்று முறை ஓட்டினோம். சக்கரத்தில் வரும் சக்தி இன்ஜின் சக்தியைவிடக் குறைவாகத்தான் இருக்கும், கியர்பாக்ஸும் டயரும் தின்றது போக மீதி. நண்பனின் வண்டி 88, 87, 88. மருமகன் வண்டி 90, 88, 87. மூன்றாவது ஓட்டத்தில் இன்ஜின் சூடேறியதும் அந்த இரண்டு குதிரையும் காணாமல் போய்விட்டது. டர்போ மட்டும் கொஞ்சம் முன்னாலேயே எழுந்தது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் 65,000 ரூபாய்க்குக் கிடைத்தது அவ்வளவுதான். பையனின் முகம் சுண்டிப்போனது.

ஏன் கூடவில்லை? இந்தக் காலத்து டர்போ காரில் எவ்வளவு டார்க் தர வேண்டும் என்பதை இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியு முடிவு செய்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது நாம் கேட்பது காற்றை அல்ல, டார்க்கை. குழாயைப் பெரிதாக்கி வழியை லேசாக்கினால், ஈசியு, புகையை டர்போவைச் சுற்றி வெளியே விடும் கதவான வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் அதிகம் திறந்து பழைய அளவுக்கே கொண்டுவந்து நிறுத்திவிடும். டர்போவில் புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைவது நல்லது, அதில் சந்தேகமே இல்லை. டர்போவை ஒட்டி வரும் டவுன்பைப்பில்தான் அந்தப் பலன் இருக்கிறது, அதுவும் ஈசியுவில் இருக்கும் கணக்குகளான மேப்பிங்கையும் சேர்த்து மாற்றினால்தான் கைக்கு வரும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயையும் சைலன்ஸரையும் மட்டும் மாற்றுவதால் சத்தம் மாறும், எடை கொஞ்சம் குறையும், வேறு பெரிதாக ஒன்றும் நடக்காது. மேப்பிங் செய்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தத்தை ஏற்றினால் டர்போ தன் அளவுக்கு மீறிச் சுழலும். அப்படிச் சிறகு உடைந்து வந்த டர்போக்களை என் பட்டறை மேசையில் பார்த்திருக்கிறேன்.

டர்போ இல்லாத இன்ஜின் கதை வேறு. அது என் மனதுக்கு இன்னும் நெருக்கமானது. பல வருடம் முன்பு ஒரு ஹோண்டா சிட்டி 1.5 விடெக் என்னிடம் வந்தது. அன்றைக்குக் கோவையில் பையன்கள் உயிரை விட்ட கார் அது. முழுக்க இரண்டரை இன்ச் குழாய் வேண்டும் என்றார் அதன் சொந்தக்காரர். எனக்கும் அப்போது அவ்வளவுதான் தெரியும், போட்டுக் கொடுத்தேன். சத்தி ரோட்டில் நேராக மிதித்தபோது இரண்டு பேருக்கும் சந்தோஷம். அடுத்த வாரம் அவர் குடும்பத்தோடு மருதமலை ஏறிவிட்டு வந்து, "வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க" என்றார். 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவை செத்துப்போயிருந்தது.

அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தை நான் ஒழுங்காகப் படித்தேன். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 50 தடவை புகையைத் துப்புகிறது. அது தண்ணீர்க் குழாய் மாதிரி ஒரே சீராக ஓடுவதில்லை, துடிப்பு துடிப்பாக வருகிறது. ஒரு துடிப்பு குழாய் அகலமாகும் இடத்தை, அதாவது நாலு குழாய் ஒன்றுசேரும் இடத்தை அடையும்போது, அங்கிருந்து உறிஞ்சும் அலை ஒன்று திரும்பி வால்வை நோக்கி வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வும் இன்டேக் வால்வும் ஒரு நொடிப்பொழுது சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சந்தில் அலை வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் எரிந்த புகையை இழுத்து வெளியே போட்டு, புதுக் கலவையையும் உள்ளே இழுத்துவிடும். காசில்லாமல் கிடைக்கும் சக்தி அது. சந்தைத் தவறவிட்டால் பலன் இல்லை, நேரம் கெட்டு வந்தால் நட்டம்.

அலை எப்போது திரும்பி வரும் என்பதைக் குழாயின் நீளம் முடிவு செய்கிறது. நீளக் குழாய் கீழ் ஆர்பிஎம்முக்கு, குட்டைக் குழாய் மேல் ஆர்பிஎம்முக்கு. விட்டத்தை ஒரேயடியாகக் கூட்டினால் புகையின் வேகம் குறைந்து, அந்த உறிஞ்சல் சோர்ந்துவிடும். அந்த சிட்டிக்கு நேர்ந்தது அதுதான். பிறகு அதற்கு நாலு குழாய் இரண்டாகி, இரண்டும் ஒன்றாகச் சேரும் நாலு-இரண்டு-ஒன்று ஹெடர் ஒன்றைச் செய்து, பின்னால் 2 இன்ச் குழாய் போட்டேன். நாலும் ஒரே இடத்தில் சேரும் ஹெடர் உச்சத்தில் நன்றாகப் பாயும், தடத்தில் ஓட்டுபவர்களுக்குச் சரி. ரோட்டில் ஓட்டுபவருக்கு நடு ஆர்பிஎம்தான் சோறு போடும். அந்த ஹெடருக்கு நான் எட்டு நாள் செலவழித்தேன். நாலு குழாயும் நீளத்தில் ஒன்றுக்கொன்று மாறாமல் இருக்க, மணல் நிரப்பிச் சூடாக்கி வளைத்தேன். வண்டி மருதமலையில் மூன்றாவது கியரில் ஏறியது.

'பேக் பிரஷர் (புகைக்கு எதிரே நிற்கும் அழுத்தம்) வேண்டும், இல்லாவிட்டால் பிக்கப் போய்விடும்' என்று மெக்கானிக்குகளே சொல்வார்கள். நான்கு ஸ்ட்ரோக்கில் அடைப்பு எந்த இன்ஜினுக்கும் உதவாது. உதவுவது புகையின் வேகம். இந்தப் பேச்சு இரண்டு ஸ்ட்ரோக் பைக்கான யமஹா ஆர்எக்ஸ் 100 காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். இரண்டு ஸ்ட்ரோக்கில் வெளியே வழிந்துவிட்ட புதுக் கலவையை, சைலன்ஸரின் கூம்பிலிருந்து திரும்பும் அலைதான் மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். அங்கே சைலன்ஸரும் இன்ஜினின் ஒரு பாகம். அதைக் காருக்குப் பொருத்திப் பேசுவது தப்பு.

அப்புறம் சத்தம். சக்தி வேண்டுமானால் சத்தம் வந்துதான் தீரும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இதை நான் முழுமூச்சாக மறுக்கிறேன். ஓட்டை போட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடிக் கம்பளி அடைத்த சைலன்ஸர் இருக்கிறது. புகை உள்ளே எங்கும் முட்டாமல் நேராகப் போகும், கம்பளி சத்தத்தை வாங்கிக்கொள்ளும். போதிய நீளத்தில் செய்தால் வெறும் குழாய்க்கும் அதற்கும் சக்தியில் சொல்லும்படியான வித்தியாசம் இருக்காது. 2014-ல் ஃபார்முலா 1 பந்தயம் 2.4 லிட்டர் வி8 இன்ஜினை விட்டு 1.6 லிட்டர் டர்போ ஹைபிரிடுக்கு மாறியபோது, சத்தம் போய்விட்டதே என்று ரசிகர்கள் புலம்பினார்கள். புகையில் வீணாகப் போன சக்தியை டர்பைன் பிடுங்கிக்கொண்டதும் அந்த அமைதிக்கு ஒரு முக்கியக் காரணம். கார்கள் பலவீனமாகவில்லை. செட்டிப்பாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் பந்தயத் தடம் இருக்கிற ஊர், ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனைக் கொடுத்த ஊர் இது. இங்கே இருக்கும் பையன்களுக்கு இதையெல்லாம் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

கன்வெர்ட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு இருக்கிறது. கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் அதுதான் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது. மருமகன் தினமும் காலையில் போர்டிகோவில் வண்டியை ஸ்டார்ட் செய்வான். பக்கத்தில்தான் சமையலறை ஜன்னல். ஒரு மாதமாகத் தலைவலி, கண் எரிச்சல் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்திருக்கிறார்கள். மகன் ஆசையாய்ச் செய்தது என்பதால் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போய் நின்று மோந்து பார்த்த பிறகுதான் விஷயமே புரிந்தது. இரண்டு குதிரைக்காக என் அக்கா அந்தப் புகையைச் சுவாசித்தார்கள் என்பதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

பழைய கன்வெர்ட்டரைத் திருப்பிக் கேட்டோம். கடையில் அதை எடைக்குப் போட்டு விற்றிருந்தார்கள். உள்ளே இருக்கும் உலோகத்துக்கு நல்ல விலை உண்டு என்பது பையனுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். ஆறு வாரம் அலைந்து, விபத்தில் நொறுங்கிய அதே மாடல் கார் ஒன்றிலிருந்து நல்ல நிலையில் ஒன்று வாங்கி நானே பூட்டினேன். கடைக்காரர்கள் போட்ட ஒரு வெல்டிங் இணைப்பில், முன்பக்கச் சென்சாருக்குச் சற்று முன்னால், மயிரிழை விரிசல் இருந்ததையும் அப்போதுதான் கண்டேன். துடிப்புகளுக்கு நடுவே அந்த விரிசல் வெளிக்காற்றை உறிஞ்சும். பெட்ரோல் குறைவு என்று சென்சார் தப்பாகச் சொல்லும், ஈசியு இன்னும் ஊற்றும். மைலேஜ் ஏன் விழுந்தது என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்தது.

சட்டத்தையும் கட்டுரை தொடவில்லை. சத்தம், புகை வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் லைசென்ஸும் போகும். விதிக்குப் புறம்பாக வண்டியை மாற்றினால் அதன் சொந்தக்காரருக்குத் தனியாக, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000. மாட்டுவது பையன்தான், பூட்டியவர்கள் அல்ல.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த டைனோ வரைபடத்தை 2000 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாகப் போடுங்கள். உச்ச எண்ணை மட்டும் போடாதீர்கள். அந்தத் தாளைத் தர முடியாத கடையில் வண்டியை விட வேண்டாம் என்றும் ஒரு வரி சேருங்கள்.

கன்வெர்ட்டரைப் பூட்டி, கம்பெனிச் சைலன்ஸரையும் திரும்பப் போட்டு, போன ஞாயிற்றுக்கிழமை வண்டியை மறுபடி அதே டைனோவில் ஏற்றினோம். 88, 88, 87. முதல் நாள் எடுத்த தாள்களின் நகலையும் இதன் நகலையும் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். படமாகப் போட்டுக்கொள்ளலாம். மருமகனிடம் அனுமதி கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்