முகம் வீங்கி வருபவர்களின் வாயையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்யக் கோரும் மனு

பெறுநர்:
சுகாதாரத் துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: மேல்தாடையைச் சுற்றி வரும் சீழ்த்தொற்றை முதல் நாளிலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன வருடம் ஒரு நாள் காலையில் என் அம்மா இடது கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்தார். கண்ணுக்குக் கீழே கன்னம் உப்பியிருந்தது. மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் கோடு அந்தப் பக்கம் மட்டும் காணவில்லை. பூச்சிக்கடியாக இருக்கும் என்று நினைத்து மருத்துவமனைக்குப் போனோம். ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, மாத்திரை முடிந்ததும் மறுபடி வந்தது. இப்படி மூன்று தடவை. வாயைத் திறந்து காட்டுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் பார்த்த பல் மருத்துவர் அம்மாவின் மேல் உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறும் உதடும் சேரும் மடிப்பில் விரலால் அழுத்தினார். அம்மா துடித்துவிட்டார். பல்லை மெல்லத் தட்டியபோதும் அதே வலி. சின்ன எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம். அன்றைக்கே அந்த மடிப்பில் கீறிச் சீழை வெளியேற்றி, பல்லையும் எடுத்தார். இரண்டே நாளில் கண் திறந்தது.

கோரைப்பல்லின் வேர் நீளமானது. அதன் நுனியில் சேரும் சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு கண்ணுக்குக் கீழே போய்த் தேங்கும். கடைவாய்ப்பல் என்றால் கன்னம் வீங்கும். சில பற்களின் சீழ் அண்ணத்தில் கட்டியாக நிற்கும், சில சமயம் கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் என்ற காற்றறைக்குள்ளும் புகும். சொத்தைப் பல்லும் தேங்கிய சீழும் உள்ளேயே இருக்கும்போது மாத்திரை மட்டும் கொடுத்தால் தொற்று பதுங்குமே தவிர, தீராது. சீழுக்கு வழிவிட வேண்டும். பல்லை எடுக்க வேண்டும், அல்லது வேர் சிகிச்சை செய்ய வேண்டும். மாத்திரை இதற்கெல்லாம் துணைதான்.

எனக்குப் பெரிய பயம் இன்னொன்று. முகத்தின் இந்தப் பகுதியிலுள்ள சிரைகள், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள், கண் வழியாக மூளையின் அடியில் இரத்தம் சேரும் சிரைக்குழியோடு சேர்கின்றன. தொற்று அங்கே போனால் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து. காய்ச்சலோடு கடும் தலைவலி, கண் பிதுங்குதல், பார்வை இரட்டையாகத் தெரிதல் இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோயாளியின் அண்ணமோ மூக்கின் உட்புறமோ கறுத்திருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு, அழுகிய சதையையும் உடனே அகற்ற வேண்டும்.

ஆகவே ஐயா, கண்ணுக்குக் கீழோ கன்னத்திலோ வீக்கத்தோடு யார் வந்தாலும், புறநோயாளிகள் பிரிவிலேயே உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதற்குச் செலவே இல்லை, ஒரு கையுறையும் டார்ச்சும் போதும். பல் எக்ஸ்ரே கருவி இல்லாத இடங்களுக்கு அதைக் கொடுங்கள். சீழ் இருந்தால் அன்றைக்கே கீறி எடுக்கவும், அதைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பவும் வசதி வேண்டும். நான் மேலே சொன்ன ஆபத்தான அறிகுறிகள் இருப்பவர்களுக்கு அன்றே சி.டி. ஸ்கேன் எடுத்து, பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்ப வேண்டும். நாளைக்கு வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

இந்த மனு மீது எடுக்கும் நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நோயாளியின் மகள்