ஆச்சியை உட்கார வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"உங்களுக்கு எதுக்கு ஆச்சி இந்த வேலையெல்லாம், பேசாம உக்காருங்க." காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பெரியவர்கள் இருக்கிற வீடுகளில் அன்றாடம் காதில் விழும் பேச்சு இது. பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் 65 வயதில் நன்றாக நடமாடியவரை 75 வயதில் கைத்தாங்கலாக எழுப்பவேண்டிய நிலைக்குக் கொண்டுவருவதில் இந்தப் பாசத்துக்கும் பங்கு உண்டு. வீட்டாருக்கு இது தெரியவேண்டும் என்றே எழுதுகிறோம்.

தள்ளாமையை எப்படி அடையாளம் காண்பது? அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடும் குழுவினரும் 2001-இல் வகுத்த ஐந்து அறிகுறிகளை முதியோர் மருத்துவத்தில் இன்றும் பயன்படுத்துகிறார்கள்: ஓராண்டில் தாமாக முயலாமலே சுமார் நாலரைக் கிலோ எடை இறங்குவது, எதைச் செய்யவும் அசதி, கைப்பிடி தளர்வது, நடை மந்தமாவது, நடமாட்டம் சுருங்குவது. இவற்றில் மூன்று இருந்தால் தள்ளாமை வந்துவிட்டது. ஒன்றோ இரண்டோ இருந்தால் அது வாசல்வரை வந்து நிற்கிறது; அந்தக் கட்டத்தில் பலரை மீட்டுவிட முடியும். சிக்கல் என்னவென்றால், சர்க்கரை உள்ளவர் மெலிந்தால் "நல்லதுதானே" என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். கரைந்தது கொழுப்பா தசையா என்று யாரும் பார்ப்பதில்லை.

வீட்டிலேயே பார்க்க இரண்டு வழிகள் உண்டு. கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். ஒருவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் தசை பலவீனம். அடுத்தது நடை. வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) பதித்திருப்பது எட்டு அங்குல ஆத்தங்குடிக் கல் என்றால், வரிசையாக 20 கல் ஏறக்குறைய 4 மீட்டர். நாலைந்து கல் முன்னாலிருந்தே நடக்கத் தொடங்கி, அந்த 20 கல்லை வழக்கமான நடையில் கடக்க 4 விநாடிக்கு மேல் ஆனால் கவனிக்கவேண்டும். ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-இல் தந்த அளவுகள் இவை.

இந்தப் பலவீனம் எங்கிருந்து வருகிறது? வேலை கொடுக்காத தசையை உடம்பு வைத்துக்கொள்வதில்லை. கிணற்றில் நீர் இறைத்ததும், அம்மியில் அரைத்ததும், குனிந்து கோலம் போட்டதும், தரையில் சம்மணமிட்டு எழுந்ததும் முன்பு கணக்கில் வராத பயிற்சிகள். இன்று மோட்டார், மிக்சி, சோபா. அம்மிக்குத் திரும்பச் சொல்லவில்லை. எடுத்துக்கொண்ட வேலைக்கு ஈடாக வேறொன்றைக் கொடுக்காமல் விட்டதுதான் தவறு. கீரை ஆய்வது, துணி மடிப்பது, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கோயிலுக்கு நடந்தே போவது இவற்றையாவது அவர்களிடமே விட்டுவையுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது இங்கேதான். 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. வயதான தசைக்குப் புரதம் எளிதில் ஒட்டாது என்பதால் இளையவரைவிடச் சற்று அதிகமே வேண்டும். நம் ஆச்சிமார் சாப்பிடுவதைக் கூட்டிப் பாருங்கள்: காலையில் இரண்டு இட்லி, இருவேளை காபி, மதியம் ஒரு கை சோறு, தெளிந்த சாம்பார், மோர், இரவு மறுபடி இரண்டு இட்லி. இதில் 30 கிராம் தேறுவதே கடினம். மாலையில் பணியாரமோ பிஸ்கட்டோ சாப்பிட்டு வயிறு நிறைந்துவிட்டால் இரவுச் சாப்பாடும் போயிற்று.

சரிசெய்வது பெரிய காரியமல்ல. காலையில் ஒரு முட்டை (6 கிராம்), மதியம் 30 கிராம் துவரம்பருப்பை வேகவைத்துக் கெட்டியாக நெய்யுடன் (சுமார் 6), மாலையில் பணியாரத்துக்குப் பதில் 30 கிராம் கடலையைக் குழைய வேகவைத்த சுண்டல் (சுமார் 6), படுக்குமுன் 200 மில்லி பால் (சுமார் 6). இவற்றாலேயே 24 கிராம் கூடிவிடும். முட்டை ஆகாதென்றால் ஒரு கிண்ணம் கெட்டித் தயிர். பல் போனவர் கறியை விட்டுவிடவேண்டாம். கொத்துக்கறியும் முள் எடுத்த மீனும் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

சாப்பாடு மட்டும் தசையைக் கட்டாது. "தினமும் நடக்கிறேனே" என்பார்கள். நடை இதயத்துக்கு நல்லது, தொடை வலுவுக்குப் போதாது. வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை எட்டு முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்ந்து, மறுபடி எட்டு முறை செய்யவேண்டும். கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால்தான் பயன். சுலபமாகிவிட்டால் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அதாவது ஒரு கிலோ. முட்டி வலித்தால் இருக்கையில் தலையணை போட்டு உயர்த்தலாம். மூச்சை அடக்கக்கூடாது, ரத்த அழுத்தம் ஏறும், எழும்போது விடவேண்டும். அடுத்து, வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து முறை, ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்பது. எழுந்ததும் தலை சுற்றினால் நிறுத்திவிட்டு, அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். தொடங்குகிற பலர் மூன்று வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். வித்தியாசம் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். "இந்த வயசிலா" என்று கேட்பவர்களுக்கு: 90 வயதைத் தொட்டவர்களிடமே எடைப்பயிற்சியால் கால்வலு கூடியதை 1990-இலேயே அமெரிக்காவில் பதிவு செய்திருக்கிறார்கள்.

காய்ச்சல் வந்தால் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துவிடுவது இன்னொரு கேடு. நல்ல ஆரோக்கியமான முதியவரே பத்து நாள் படுத்துக் கிடந்தால் கால்களில் மட்டும் ஒரு கிலோவரை தசை கரைந்துவிடும். சாப்பிடவாவது எழுப்பி உட்கார வையுங்கள். புகையும் குடியும் இதே வேலையைச் செய்பவை. வெற்றிலையோடு போகும் புகையிலையும் உடம்புக்கு ஆகாது.

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இரண்டு கட்டு வீட்டில் ஒற்றை ஆளாக இருப்பவர்கள் இங்கே பலர். "எனக்கு ஒருத்திக்கு என்ன சமையல்" என்று ரசஞ்சோற்றோடு முடித்துக்கொள்வார்கள். போனில் "சாப்டீங்களா" என்று கேட்பதோடு விடாமல் "என்ன சாப்டீங்க, எவ்வளவு சாப்டீங்க" என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே வருகையில் 60 வயது கடந்தவர்களுக்கு எடையும், ஐந்து முறை எழுந்து உட்காரும் நேரமும் குறித்துக்கொள்ள ஐந்து நிமிடம் கூட ஆகாது. பின்தங்குபவர்களை அத்திட்டத்திலேயே இருக்கும் இயன்முறைச் சிகிச்சைக்கு அனுப்பிவிடலாம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டச் சுகாதார அதிகாரிகள் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து இதைத் தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர், உணவியல் ஆலோசகர்
காரைக்குடி