எரேமியா 22-ஐயும் வாசியுங்கள், ஐயா

கர்த்தருக்குள் அன்பான ஐயர்மாருக்கும் போதகர்களுக்கும் ஸ்தோத்திரம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசன அட்டையில் இந்த முறையும் எரேமியா 29:11தான். கர்த்தர் நம்மேல் நினைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற வசனம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அம்மா தினமும் அதைச் சொல்லி ஜெபிக்கிறார். எனக்கும் அந்த வசனம் பிரியம்தான். ஆனால் ஏழு அதிகாரம் முன்னால், அதே எரேமியா தீர்க்கதரிசி ராஜாவின் அரண்மனைக்குப் போய்ப் பேசியதைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

யூதாவின் ராஜா யோயாக்கீம் விசாலமான வீடு கட்டினான். பெரிய ஜன்னல்கள், கேதுருப் பலகை, ஜாதிலிங்கம் என்ற சிவப்பு வர்ணம். எகிப்துக்குக் கப்பம் கட்ட ஜனங்களிடம் வரி பிடுங்கிய ராஜாவும் அவன்தான். வீட்டு வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா அந்தக் கூலியைத்தான் பிடித்துக்கொண்டார். உன் அப்பா யோசியாவும் சாப்பிட்டான், குடித்தான். ஆனால் ஏழையின் வழக்கை நியாயமாக விசாரித்தான், கர்த்தரை அறிவது என்றால் அதுதானே என்று கேட்டார். கர்த்தரை அறிகிற அறிவைப் பற்றி எத்தனை கூட்டங்களில் பேசுகிறோம்! இந்த இடத்தை எப்படித் தாண்டிப் போனோம்?

அப்புறம் 36-ஆம் அதிகாரம். யோயாக்கீமின் ஐந்தாம் வருஷம், ஒன்பதாம் மாதம், குளிர்காலம். ராஜாவுக்கு முன்னால் கணப்பில் நெருப்பு எரிகிறது. கர்த்தருடைய வார்த்தைகளை எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக் எழுதிய சுருளை, ராஜாவின் ஆள் யெகுதி வாசிக்கிறான். மூன்று நான்கு பத்தி முடிந்ததும் ராஜா சூரிக்கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போடுகிறான். இப்படியே சுருள் முழுவதும் சாம்பலாகிறது. ஆலயத்தில் கிடைத்த நியாயப்பிரமாணப் புத்தகத்தைக் கேட்டதும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்ட யோசியாவின் மகன் இவன்.

எரிக்க வேண்டாம் என்று மூன்று பேர் ராஜாவிடம் கெஞ்சினார்கள். அதில் ஒருவன் எல்நாத்தான். எகிப்துக்குத் தப்பி ஓடிய உரியா தீர்க்கதரிசியைப் பிடித்துவர ராஜா அனுப்பிய ஆள் இவன்தான். உரியாவை ராஜா வெட்டிக் கொன்றான். அப்படி ஏவலுக்குப் போன மனிதனே சுருளுக்காக மன்றாடவும் செய்தான். ராஜா கேட்கவில்லை என்றாலும் அவன் வாயைத் திறந்தான் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அரண்மனையோடு ஒட்டியே இருந்துவிட்டோம், இனி என்ன பேசுவது என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

கிறிஸ்துமஸ் விழாவுக்கும் தேர்தல் நேரத்திலும் நம் மேடைக்கு ஆட்சியாளர்கள் வருகிறார்கள். சால்வை போடுகிறோம், ஜெபிக்கிறோம். சரி, ஜெபியுங்கள். ஆனால் பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், இங்கே தீர்க்கதரிசனம் சொல்லாதே என்று ஆமோஸ் தீர்க்கதரிசியை விரட்டினானே, நம் மேடையும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஒன்றுதான் கேட்கிறேன். அடுத்த முறை அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது வேதபாடமாக எரேமியா 22:13 முதல் 17 வரை வாசியுங்கள். பிரசங்கம்கூட வேண்டாம், நிறுத்தி நிதானமாக வாசித்தாலே போதும். அதற்கு முந்தின ஞாயிறு நமக்கும் வாசியுங்கள். நம் ஊர்களில் ஆலயங்களை இடித்துப் பெரிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலி பாக்கியில்லாமல் போய்ச் சேருகிறதா என்று கமிட்டியில் நீங்களே கேளுங்கள், ஐயா.

இப்படிக்கு,
பின்வரிசையில் உட்காரும் ஒரு விசுவாசி