முகப்புப் படம் கடைசி நாள் வேலையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் வட்டாரக் கல்லூரி மாணவர்கள் சொந்தமாக வீடியோ கேம் உருவாக்கி இணையக் கடைகளில் விற்பனைக்கு வைப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். நிரல், இசை, முதலீடு என்று பலவற்றையும் விரிவாகப் பேசிய அக்கட்டுரை, கடையில் அந்த விளையாட்டுக்கு முகமாக நிற்கும் படத்தைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. அஸ்தம்பட்டியில் ஓவிய வகுப்பு நடத்தி வருபவன், அண்மைக்காலமாக இத்தகைய இளைஞர்களுக்கு முகப்புப் படம் வரைந்து தருபவன் என்ற முறையில் அது பற்றிச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

கணினி விளையாட்டுகளுக்கு இன்று பெரிய கடை ஸ்டீம். ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டணம் செலுத்தினால் யாரும் அங்கே கடை விரிக்கலாம் என்பதால், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான புதிய விளையாட்டுகள் வந்து குவிகின்றன. அந்தக் கூட்டத்தில் வாங்க வருபவர் முதலில் பார்ப்பது விளையாட்டையும் அல்ல, டிரெய்லரையும் அல்ல. கேப்சூல் என்று அழைக்கப்படும், பெயர் பொறித்த ஒரு சிறிய படத்தைத்தான் அவர் பார்க்கிறார். சிறிய கேப்சூலை 462க்கு 174 பிக்சல் அளவில் நாம் ஏற்றினாலும், ஸ்டீம் அதையே 184க்கு 69, 120க்கு 45 என்று சுருக்கிப் பட்டியல்களில் காட்டுகிறது. வாங்குபவரின் விரல் அதைத் தாண்டிப் போகுமா, அங்கே நிற்குமா என்பது அந்த 120 பிக்சலுக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது.

ஏற்காட்டைக் களமாகக் கொண்ட ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். இரவில் பனிமூட்டத்துக்கு நடுவே காப்பி மூட்டைகளை ஜீப்பில் ஏற்றி மலையிறக்கும் ஓட்டுநரின் கதை அது. அதை உருவாக்கிய இளைஞர்கள் தாங்களே ஒரு முகப்புப் படம் தயாரித்திருந்தார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏரி, படகுகள், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, காப்பிச் செடி, ஜீப், ஓட்டுநர் என மலையில் உள்ள அனைத்தும் அதில் இருந்தன. பனியின் மேல் மெல்லிய வெள்ளை எழுத்தில் பெயர் எழுதப்பட்டிருந்தது. முழு அளவில் பார்க்க அருமையான ஓவியம். 120 பிக்சலுக்குச் சுருக்கியதும் சாம்பல் நிறத் திட்டு ஒன்றுதான் எஞ்சியது, பெயர் இருந்த இடமே தெரியவில்லை.

ஆகவே பெரிய தாளை ஒதுக்கிவிட்டுச் சிறு கட்டங்களிலிருந்து தொடங்கினோம். ஒரே தாளில் பல கட்டங்கள் போட்டு, கறுப்பும் வெள்ளையும் மட்டும் கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பொருளை வரைந்து பார்த்தோம். ஜீப்பை வரைந்தால் வெறும் பெட்டியாகத் தெரிந்தது. ஓட்டுநரின் முகம் யாருடைய முகமாகவும் இருக்கலாம் போலிருந்தது. முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் சாலையின் குறுக்கே நிற்கும் காட்டெருமையை வரைந்தபோதுதான், வளைந்த கொம்பும் முழங்காலுக்குக் கீழே வெளுத்த கால்களும் அந்தச் சிறு கட்டத்திலும் பளிச்சென்று தெரிந்தன. பிறகு வண்ணம் சேர்த்தோம். விளக்கொளிக்கு மஞ்சள், மற்றதெல்லாம் கருநீலம். படத்தின் வலப்பக்கம் ஏறக்குறையப் பாதியைப் பெயருக்கே கொடுத்தோம். சிறிய கேப்சூலுக்கு அதுவும் போதாது, அங்கே பெயர் கிட்டத்தட்ட முழு இடத்தையும் நிரப்ப வேண்டும் என்று ஸ்டீம் தரும் வழிகாட்டுதல் கூறுகிறது.

பெயரைத் தமிழில் எழுத விரும்புபவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நம் எழுத்துகளில் புள்ளியும் இகரக் கொக்கியும் மேலே எழும்புகின்றன, உகரக் குறிகள் கீழே இறங்குகின்றன. இரண்டுக்கும் இடம் விட்டால் நடுவில் உள்ள எழுத்தின் உடல் சிறுத்துப்போகிறது. ண, ணை, ஞ போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியோ காணாமலே போய்விடும். கணினியில் கிடைக்கும் எழுத்துருவை அப்படியே ஒட்டாமல், சுழிகளை அகலமாகத் திறந்து, கோட்டைத் தடிமனாக்கி, புள்ளியைச் சற்றே பெரிதாக வைத்துக் கையால் வரைவதுதான் இதற்கு வழி. நீளமான பெயரை ஒரே வரியில் திணிப்பதைவிட இரண்டு வரியாக அடுக்குவது நல்லது. மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனம் 1935-இல் தோன்றிய ஊர் நம்முடையது. ஓடும் பேருந்தில் போகிறவர் கண்ணிலும் படும்படி சினிமா பேனர்களில் பெயர் எழுதிப் பழகி, பிளெக்ஸ் வந்த பின் வேலை இழந்த கைகள் இன்னும் இங்கே இருக்கின்றன. இளைஞர்கள் அவர்களைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. இது எந்த வகை விளையாட்டு என்பதையும் அது உண்மையாகச் சொல்ல வேண்டும். அமைதியாகச் செடி வளர்க்கும் விளையாட்டுக்கு அச்சமூட்டும் படம் போட்டால், அச்சத்தைத் தேடி வாங்கியவர் ஏமாந்துபோவார். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது ஸ்டீமின் விதி. தவறான படத்தால் வந்த விற்பனை அப்படியே திரும்பிப் போகும். போகிற போக்கில் கசப்பான விமர்சனம் ஒன்றையும் விட்டுச் செல்லும். 2022 செப்டம்பர் முதல் கேப்சூலில் விருதுப் பெயர்கள், விமர்சன மதிப்பெண்கள், தள்ளுபடி வாசகங்கள் எதையும் சேர்க்கக் கூடாது என்பதையும் பலர் அறியாமல் இருக்கிறார்கள். விளையாட்டின் படமும் பெயரும் மட்டுமே அங்கே நின்று பேச வேண்டும்.

ஒரே படத்தை வெட்டி வெட்டி எல்லா இடத்திலும் போடுவதும் பரவலாகக் காணப்படும் பழக்கம். ஆனால் இடத்துக்கு இடம் படத்தின் அளவும் வடிவமும் மாறுகின்றன. செங்குத்துக் கேப்சூல் 748க்கு 896, முதன்மைக் கேப்சூல் 1232க்கு 706, வாங்கியவரின் நூலகத்தில் தெரிவது 600க்கு 900. கூகுள் பிளே கடைக்கோ 512 பிக்சல் சதுர ஐகானும் 1024க்கு 500 அளவில் ஒரு படமும் தேவை. காட்டெருமை, வெளிச்சம், பெயர் ஆகிய மூன்றையும் தனித்தனி அடுக்குகளாக வரைந்து வைத்துக்கொண்டால், ஒவ்வோர் அளவுக்கும் இடம் மாற்றி அமைக்கலாம். யாருடைய கொம்பையும் வெட்ட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, இந்தப் படத்துக்காக என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் வருவதுதான். விளையாட்டு வெளியாவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ‘விரைவில்’ என்ற அறிவிப்புடன் அதன் பக்கம் திறந்திருக்க வேண்டும் என்று ஸ்டீம் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் விஷ்லிஸ்ட்டில், அதாவது பின்னர் வாங்க நினைப்பவர்கள் குறித்துவைக்கும் பட்டியலில், ஆட்கள் சேர வேண்டுமானால் பல மாதங்களுக்கு முன்பே திறப்பதே நல்லது. அந்தப் பக்கம் திறக்கும் நாளிலேயே முகப்புப் படம் வேண்டும். அதாவது, விளையாட்டு முடிவதற்கு வெகு முன்பே, ஆட்டத்தின் தோற்றமும் வகையும் உறுதியான கட்டத்திலேயே ஓவியரிடம் பேசியாக வேண்டும். ஊதியத்தையும் படத்தின் உரிமையையும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டு உருவாக்கத்தை இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஏற்கும் நம் மாவட்டக் கல்லூரிகள், மதிப்பீட்டின்போது நிரலோடு கடைப் பக்கத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். முகப்புப் படத்தை 120 பிக்சலில் திரையில் காட்டி, பெயரைப் படிக்க முடிகிறதா என்று வகுப்பிலேயே கேட்டால் போதும். அழைக்கும் கல்லூரிக்கு வந்து, மாணவர்களோடு உட்கார்ந்து இதை வரைந்து காட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன். அதற்கு ஊதியம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.