டிரெய்ன் போல்ட்டுக்கு ஏர் கன் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கார் என்ஜினில் ஆயில் மாற்றும்போது, பழைய ஆயிலை வடிக்கக் கழற்றி மாட்டும் டிரெய்ன் போல்ட்டை, ஏதோ சக்கர நட்டு என்று நினைத்து, காற்றழுத்தத்தில் சுழலும் ஏர் கன்னால் முடுக்கும் வழக்கம் சர்வீஸ் நிலையங்கள் சிலவற்றில் இருக்கிறது. அதன் பலனை அனுபவிப்பவர்கள் வண்டிக்காரர்கள். அப்புறம், வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து அதைக் கழற்றும் என்னைப் போன்ற பட்டறைக்காரர்கள்.

சிறிய கார்கள் பலவற்றில் அது 14 மி.மீ. போல்ட். முறுக்கு அளவு ஏறத்தாழ 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியைப் பதினைந்து கிலோ அளவுக்கு இழுத்தால் தீர்ந்தது, ஒற்றைக் கை வேலை. ஏர் கன் தருவது அதைப்போலப் பல மடங்கு. இரும்பு போல்ட் தாங்கும். என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் அலுமினிய ஆயில் சேம்பரின் மரை தாங்குமா?

அண்மையில் ஓர் ஆசிரியை கொண்டுவந்த காரில் போல்ட்டின் தலை முனை மழுங்கி உருண்டுபோயிருந்தது. பைப் ரெஞ்ச் கடித்த தழும்புகள் வேறு. முதலில், ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் குழாய் வழியாக ஆயிலை உறிஞ்சி எடுத்தேன். ஓர் அளவு சிறிய ஆறுமுனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றி, நீளக் கைப்பிடி போட்டுத் திருப்பினேன். சற்று அசைந்தது, பிறகு இறங்காமல் நின்ற இடத்திலேயே சுற்றியது. மரை போய்விட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது. தலைக்கும் சேம்பருக்கும் இடையில் ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து, கீழே நெம்பிக்கொண்டே திருப்பியதும் வெளியே வந்தது. சேம்பரின் மரை சுருள் கம்பியாகப் போல்ட்டில் ஒட்டியிருந்தது. அதற்கு மேல், குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்! ஒழுகுவது தெரிந்தேதான் மூடி அனுப்பியிருக்கிறார்கள்.

சேம்பரையே மாற்ற வேண்டும் என்று அவரிடம் சொன்னார்களாம். விரிசல் விட்டிருந்தால் சரி, மாற்றத்தான் வேண்டும். இல்லையென்றால், சேம்பரை இறக்கி 16 மி.மீ. டேப் அடித்து, அதாவது புது மரை வெட்டி, பெரிய போல்ட் போடலாம். சுற்றிலும் கனம் போதாவிட்டால் உள்ளே புது மரை பதித்துப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். நல்ல லேத் பட்டறையில் செய்து தருவார்கள். வண்டியில் இருந்தபடியே டேப் அடிப்பவர்களும் உண்டு. அலுமினியத் தூள் உள்ளே தங்கிவிடும் என்பதால் எனக்கு அதில் சம்மதமில்லை.

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவு படித்து வரும் பையன்களுக்கு, முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் பிடிக்கத் தெரியும். முதலாளிகள் ஒன்றை வாங்கி அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். வண்டிக்காரர்களும் போல்ட்டைக் கையால் பூட்டச் சொல்லி, போல்ட்டின் தலைக்கடியில் இருந்து கழற்றிய வாஷரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். செம்பு, அலுமினிய வாஷர்கள் நசுங்கி அடைப்பவை; ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது. அதையே திரும்பப் போட்டு, கசிகிறதே என்று இன்னும் முடுக்கித்தான் பல சேம்பர்கள் வீணாகின்றன. பில்லில் புது வாஷர் இருக்கிறதா என்று வண்டியை எடுக்கும் முன்பே பாருங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் பட்டறைக்காரர்,
திண்டுக்கல்