வயிற்றுப் பிள்ளையையும் கணக்கில் எடுங்கள்: மூன்று மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர்களுக்கும், மூன்று மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கும் வணக்கம்.

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்தவள் நான். பாலாற்றங்கரை ஊர்களில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்வதிலேயே என் பணிக்காலம் கழிந்தது. அந்த உரிமையில், நம் பக்கத்துத் தொழிற்சாலை நச்சு வயிற்றுப் பிள்ளையை எட்டுவதைப் பற்றி எழுதுகிறேன்.

நாள் தள்ளிப்போனது என்று ஒரு பெண் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தால் எடை பார்க்கிறோம், பிரஷர் பார்க்கிறோம், ரத்தம் எடுத்து ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்க்கிறோம். பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் போட்டு, தாய் சேய் நல அட்டையைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். ஆனால் என்னம்மா வேலை பார்க்கிறாய், எந்தத் தண்ணீர் குடிக்கிறாய் என்று கேட்டு எழுதிக்கொள்வதில்லை. வேறு மாவட்டத்தில் இது பெரிய விஷயமில்லாமல் இருக்கலாம். இங்கே அப்படி இல்லை.

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் பெண்கள் போகாத தெரு குறைவு. பேஸ்டிங் என்ற ஒட்டும் வேலையில் உட்கார்ந்தால் சொல்யூஷன், அதாவது பசை, டப்பா நாள் முழுக்க முகத்துக்கு நேரே இருக்கும். பிரஷால் தொட்டு ஷூவின் மேல்பாகமான அப்பரின் ஓரத்தில் தடவி, லேசாகக் காய்ந்ததும் மடித்துத் தட்ட வேண்டும். குனிந்துதான் செய்ய முடியும். அந்தப் பசையில் உள்ள டொலுயீன் போன்ற கரைப்பான்களின் ஆவி மூச்சோடு போய் ரத்தத்தில் கலக்கும், அங்கிருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டும். குழந்தையின் இதயம், கைகால், மூளையின் அடிப்படை எல்லாம் உருவெடுப்பது கருவுற்ற மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள். அவள் எங்களிடம் வந்து சேர்வதற்குள் அதில் பாதி முடிந்துவிடும்.

ஈயத்தின் கதை இன்னும் கொடுமை. பழைய பேட்டரி உடைக்கும் இடத்தில் வேலை செய்யும் கணவனின் சட்டையில் ஒட்டிக்கூட அது வீட்டுக்குள் வரும். உடம்புக்குள் போன ஈயம் எலும்பில் தங்கிவிடுகிறது, பல வருஷம் அங்கேயே இருக்கிறது. கர்ப்பத்தில் குழந்தைக்குச் சுண்ணாம்புச்சத்து தேவைப்படும்போது தாயின் எலும்பு கரைந்து கொடுக்கிறது. அதோடு ஈயமும் கிளம்பி வருகிறது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் சுவாசித்தது பிள்ளைக்குப் போகிறது. இரும்புச்சத்து குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். நம் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு என்று உங்கள் பதிவேடுகளே சொல்லும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தாய்க்கு ஒன்றும் இல்லையே, பிள்ளைக்கு எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. ஜப்பானின் மினமாட்டாவிலும் இதையேதான் கேட்டார்கள். அங்கே பாதரச நோய் 1956-இல் வெளியே தெரிந்தது. நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்று மருத்துவர்கள் நம்பிய காலம் அது. பாதரசம் கலந்த மீனைத் தின்ற தாய்மார் பலருக்கு லேசான அறிகுறிதான். அவர்கள் பெற்ற பிள்ளைகளோ நடக்கவும் பேசவும் முடியாமல் கிடந்தார்கள். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பத்திரப்படுத்தும் வழக்கம் அங்கே உண்டு. பின்னாளில் அந்தக் கொடிகளில்தான் பாதரசத்தை அளந்தார்கள்.

நம் ஊரில் அளக்கவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாமல், பல பத்தாண்டுகள் திறந்தவெளியில் கிடந்தது. அதில் இருப்பது ஹெக்சாவேலன்ட் குரோமியம், குரோமிய உலோகத்தின் நச்சு மிகுந்த வடிவம். அது புற்றுநோய் தரும் என்பது உறுதி. விலங்குச் சோதனைகளில் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குட்டிகளைப் பாதித்திருக்கிறது. நம் தாய்மார்களுக்கு என்ன செய்தது என்று யாராவது சோதித்திருந்தால்தானே தெரியும்? ஒவ்வொரு கருச்சிதைவையும் தோல் பதனிடும் ஷாப்புகளின் தலையில் கட்ட நான் வரவில்லை. சின்ன வயதுக் கல்யாணம், ரத்தசோகை என்று காரணங்கள் பல. அதனால்தான் அளக்கச் சொல்கிறேன்.

கர்ப்பிணிக்கு நாங்கள் சொல்லும் அறிவுரை, தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்பது. கிருமிக்கு அது சரி. தண்ணீரில் கலந்த குரோமியம் காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். கேன் தண்ணீர் வாங்க முடியாதவளுக்கு போர் தண்ணீர்தானே கதி?

1996-இல் உச்ச நீதிமன்றம், தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானதைக் குறித்தது. கேடு வரும் என்று தெரிந்தால் அறிவியல் முடிவான நிரூபணம் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் உயிர். நாடு முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் மீண்டும் சொன்னது. நிலத்தையும் கிணற்றையும் கணக்கெடுத்தவர்கள் கருவறையைக் கணக்கெடுக்கவில்லை. இந்த முறையாவது எடுங்கள்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. என்ன வேலை, எந்தத் தண்ணீர் என்ற அந்த இரண்டு கேள்விகளைக் கர்ப்பப் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள். பதில் கவலை தருவதாக இருந்தால் ரத்தத்தில் ஈயமும், வீட்டுத் தண்ணீரில் குரோமியமும் இலவசமாகப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டுத் தரமே சொல்கிறது. தாண்டிய தெருவுக்கு முதலில் லாரி தண்ணீர், அப்புறம் நிரந்தரக் குழாய்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கர்ப்பிணிக்கு ஆபத்து என்று சொல்லி அவளை வேலையை விட்டு அனுப்பிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் அடுத்தவள் மாசத்தை மறைத்துக்கொண்டு அதே டப்பா முன்னால் உட்காருவாள். அதே சம்பளத்தில் பேக்கிங்குக்கோ செக்கிங்குக்கோ மாற்ற உத்தரவிடுங்கள். காற்றோட்டம் எல்லாருக்கும் வேண்டும், கர்ப்பம் தெரியும் முன்பே வேண்டும்.

தண்ணீர்ச் சோதனை முடிவுகளை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் தமிழிலும் உருதுவிலும் ஒட்டச் சொல்லுங்கள். மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் அவற்றைப் படித்துக் காட்ட நாங்கள், ஓய்வுபெற்ற செவிலியர்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரை ஊர் ஒன்றின் பழைய நர்சம்மா